ரெகாலியா: அரசுரிமைப் பொருள்கள்

ஐரோப்பிய மன்னர்களின் உருவப்படங்களில் இடம்பெறும் முடி, கோல், வாள், மேலங்கி ஆகியவற்றை ஒருசேரக் குறிக்கும் சொல் ‘ரெகாலியா’. அரசன் என்று பொருள்படும் ‘ரெக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து ‘அரசனுக்குரிய’ என்னும் ‘ரெகாலிஸ்’ பிறந்தது. அதன் பன்மை வடிவமே இது. இடைக்காலச் சட்ட வழக்கில் இச்சொல் உரிமைகளைக் குறித்தது. 1158இல் இத்தாலியின் ரொன்காலியாவில் கூடிய பேரவையில் புனித ரோமானியப் பேரரசர் முதலாம் பிரெடரிக் ‘ரெகாலியா’ என்று கோரியவற்றுள் நாணயம் அடித்தலும் சுங்கம் தண்டுதலும் அடங்கும். அவ்வுரிமைகளின் அடையாளமாக மன்னர் தாங்கும் பொருள்களுக்கும் பின்னர் இப்பெயர் வந்தது.

உரிமையும் பொருளும் எப்படிப் பிணைந்துள்ளன என்பதை இயசிந்த் ரிகோ 1701இல் வரைந்த பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் படத்தில் காணலாம். பிரெஞ்சு அரச குலத்தின் சின்னமான பொன் லில்லி மலர்கள் பொறித்து, எர்மின் மென்மயிரால் உள்தைத்த நீல மேலங்கியோடு மன்னர் நிற்கிறார். இடைக்காலப் பேரரசர் சார்லமேனுடையது என்று மரபு கூறும் ‘ஜுவாயேஸ்’ வாள் இடையில் தொங்குகிறது. முடியோ அருகிலுள்ள மெத்தையில் கிடக்கிறது. கோலைத் தலைகீழாகப் பிடித்து, கைத்தடியைப் போல் ஊன்றியிருக்கிறார். 1643 முதல் அரியணையில் இருந்தவருக்கு முடியைத் தலையில் தாங்கிக் காட்டும் தேவை இல்லை என்றே கருதுகிறேன். பரம்பரை உரிமை இல்லாத நெப்போலியனை 1806இல் ஓவியர் ஆங்க்ர் வரைந்தபோது நிலைமை வேறு. தலையில் பொன் இலைமாலை, ஒரு கையில் சார்லமேனின் சிற்றுருவம் உச்சியில் அமைந்த கோல், மறு கையில் விரல் நீட்டிய கைவடிவம் கொண்ட நீதிக்கோல், லில்லிக்கு மாற்றாகத் தேனீக்கள் என ஒன்றும் விடுபடாமல் அடுக்கப்பட்டுள்ளன.

தமிழில் ‘அரச சின்னங்கள்’ என்பது பரவலான வழக்கு. ஆயினும் அது கொடியிலும் முத்திரையிலும் பொறிக்கப்படும் புலி, கயல், வில் போன்ற இலச்சினைகளையும் குறிக்குமாதலால், கையால் எடுத்து அணியவும் ஏந்தவும் கூடிய இப்பொருள்களை அது தனித்துக் காட்டுவதில்லை. படை, கொடி, குடை, முரசு எனத் தொடங்கி தார், முடி வரை அடுக்கும் தொல்காப்பிய மரபியல் நூற்பா, அவற்றை ‘அரசர்க்கு உரிய’ என்கிறது. இலத்தீன் சொல்லின் பொருளும் அதுவே. எனவே ‘அரசுரிமைப் பொருள்கள்’ என்பதே எனக்குச் செம்மையான நிகரனாகத் தோன்றுகிறது. உருவப்படத்தில் மன்னர் ஏந்தும் கோலை உடனே ‘செங்கோல்’ என எழுதிவிடுவதும் கூடாது. கொடுங்கோலுக்கு எதிரான அச்சொல் ஆட்சியின் நேர்மையைச் சொல்வது. கையிலுள்ள பொருளைக் குறிக்க ‘அரசகோல்’ போதும்.