இறந்தும் இருக்கும் டயானா: சதிக்கோட்பாட்டு ஆய்வில் ஒரு கணக்குப் பிழை

1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸ் நகரின் ஒரு சுரங்கப்பாதையில் நேர்ந்த கார் விபத்தில் வேல்ஸ் இளவரசி டயானா உயிரிழந்தார். அதன்பின் அவரைப் பற்றி இரண்டு கதைகள் பரவின. அவர் திட்டமிட்டுக் கொல்லப்பட்டார் என்பது ஒன்று. அவர் இறக்கவே இல்லை, இறந்ததுபோல் நாடகமாடிவிட்டு எங்கோ மறைந்து வாழ்கிறார் என்பது மற்றொன்று. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க வழியில்லை. ஆனால் 2012இல் இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் மைக்கேல் வுட், கேரன் டக்ளஸ், ராபி சட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, கொலைக் கதைக்குக் கூடுதல் மதிப்பெண் அளித்தவர்கள் நாடகக் கதைக்கும் கூடுதலாகவே அளித்தார்கள் என்றது.

இந்த முடிவு ஆய்வுலகத்துக்கு வெளியேயும் வேகமாகப் பரவியதில் வியப்பில்லை. சதிக்கோட்பாட்டை நம்புபவருக்கு முரண்பாடுகூட உறைக்காது என்று சொல்லிச் சிரிக்க அது வசதியாக இருந்தது. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் அவ்வளவு மேம்போக்கானது அன்று. அதிகாரத்தில் இருப்பவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்ற அடிப்படை நம்பிக்கை ஒருவரிடம் ஊறிவிட்டால், அதற்கு இசைவான எந்தக் கதையும் அவருக்கு ஓரளவு ஏற்புடையதாகவே தோன்றும் என்றார்கள் அவர்கள். ஒரு சதிக்கோட்பாட்டை ஏற்பவர் மற்றவற்றையும் ஏற்க முனைகிறார் என்று நியூ ஜெர்சியில் 348 பேரிடம் தொலைபேசி வழியே கேட்டுச் சமூகவியலாளர் டெட் கோர்ட்சல் 1994இல் எழுதியிருந்த கட்டுரையும் அதற்குத் துணை நின்றது.

சிக்கல் கணக்கில் இருந்தது. நூறு பேர் கூடிய ஓர் அரங்கைக் கற்பனை செய்துகொள்வோம். ஒவ்வொருவரும் இரு கதைகளுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடவேண்டும். 1 என்றால் சற்றும் நம்பவில்லை, 7 என்றால் முழுமையாக நம்புகிறேன். எண்பது பேர் இரண்டையும் கட்டுக்கதை என்று தள்ளி இரண்டுக்கும் 1 இடுகிறார்கள். பத்துப் பேர் கொலைக் கதைக்கு 6, நாடகக் கதைக்கு 2 இடுகிறார்கள். எஞ்சிய பத்துப் பேர் கொலைக் கதைக்கு 3, நாடகக் கதைக்கு 5 இடுகிறார்கள். இந்த அரங்கில் இரண்டையும் சேர்த்து நம்புபவர் ஒருவர்கூட இல்லை. ஏதேனும் ஒரு கதையை நம்பிய இருபது பேரை மட்டும் தனியே பார்த்தால், ஒரு கதையை ஏற்பவர் மற்றொன்றை மறுக்கிறார் என்பதும் தெளிவு. ஆனால் நூறு பேரையும் ஒன்றாக வைத்து ஒட்டுறவுக் கெழுவை, அதாவது இரு மதிப்பெண்களும் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்ணைக் கணக்கிட்டால் விடை ஏறத்தாழ 0.5 என்று நேர்மறையாக வந்து நிற்கும். இரண்டையும் மறுத்த எண்பது பேரும் வரைபடத்தின் ஒரு மூலையில் குவிந்து கிடப்பதே அதற்குக் காரணம்.

ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த யான்-வில்லெம் வான் ப்ரோய்யென் குழுவினர் 2023இல் நான்கு ஆய்வுகளில், ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புகழ்பெற்ற அந்தப் பிணைப்பைப் பெரிதும் உண்டாக்கியவர்கள் நம்பியவர்கள் அல்லர், இரண்டையும் நம்பாதவர்களே என்பது அவர்களது முடிவு. பதினொரு ஆண்டுகளாகப் பிறரது தருக்கப் பிழைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட ஒன்று, பெருமளவு அளந்தவர்களின் பிழையாக முடிந்தது.

அளவிடும் சிக்கல் இத்துடன் தீர்வதில்லை. சதி என்று சொல்லப்படுபவை எல்லாம் பொய்யும் அல்ல. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் கறுப்பின ஆண்கள் பலரின் சிபிலிஸ் நோய்க்கு மருத்துவம் அளிக்காமல் 1932 முதல் 1972 வரை வெறுமனே கவனித்து வந்தது. அதை 1970இல் ஒருவர் சொல்லியிருந்தால், அது சதிக்கோட்பாடு என்றே தள்ளப்பட்டிருக்கக் கூடும். எனவேதான் மெய்யியலாளரில் ஒரு சாரார், ஒவ்வொரு கூற்றையும் அதனதன் சான்றுகளைக் கொண்டே எடைபோட வேண்டும், வகைப்பெயரை வைத்து அன்று என்கிறார்கள். இயற்பியலாளர் டேவிட் ராபர்ட் கிரைம்ஸ் 2016இல் வேறு வழியில் போனார்: நிலவுப் பயணம் பொய்யாக இருந்திருந்தால் 4,11,000 பேர் வாய்மூடி இருந்திருக்க வேண்டும், அந்த இரகசியம் நான்கு ஆண்டுகளுக்குள் உடைந்திருக்கும் என்று சூத்திரம் அமைத்துக் காட்டினார். சுவையான கணக்குதான். ஆயினும் அது வெளிப்பட்டுவிட்ட சில சதிகளை வைத்தே கட்டப்பட்டது. வெளிப்படாமலே போனவை அக்கணக்கில் எப்படி இடம்பெறும்?

பொய்யான கதைகளை மறுப்பது எப்படி என்ற கேள்வியிலும் இதே திருத்தங்கள் நிகழ்ந்தன. உண்மையை எடுத்துச் சொன்னால் சிலர் தம் நம்பிக்கையை இன்னும் இறுகப் பற்றிக்கொள்கிறார்கள் என்று 2010இல் பிரெண்டன் நைஹன், ஜேசன் ரீஃப்லர் ஆகியோர் எழுதினர். அதைப் படித்த பலர் விவாதிப்பதே வீண் என்று முடிவுகட்டினர். பிறகு தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 விவகாரங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் தேடியும் அத்தகைய எதிர்விளைவு பிடிபடவில்லை. ஆனால் எப்போது சொல்கிறோம் என்பது முக்கியம் என்று தெரிகிறது. டேனியல் ஜாலியும் முன்பு சொன்ன கேரன் டக்ளஸும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தடுப்பூசிச் சதிக்கதையைக் கேட்பதற்கு முன் மறுப்பைப் படித்தவர்களிடம் அது பயன்பட்டது, கேட்ட பிறகு படித்தவர்களிடம் பயன்படவில்லை.

கேட்டபின் மறுப்பது வீண் என்ற அந்த முடிவையும் 2024இல் வந்த ஓர் ஆய்வு அசைத்தது. தாமஸ் காஸ்டெல்லோ, கார்டன் பென்னிகுக், டேவிட் ராண்ட் ஆகியோர் 2,190 அமெரிக்கர்களிடம், தாங்கள் நம்பும் ஒரு சதிக்கோட்பாட்டையும் அதற்கான காரணங்களையும் சொந்தச் சொற்களில் எழுதச் சொன்னார்கள். அந்தக் காரணங்களுக்கே விடைசொல்லும்படி ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல் அவர்களுடன் மூன்று சுற்று உரையாடியது. நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரண்டு மாதங்கள் கழித்தும் அந்தக் குறைவு நீடித்தது. நிரலின் திறமையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, காரணங்களைச் சொந்தச் சொற்களில் எழுதச் சொன்ன அந்த முதல் படி. 1 முதல் 7 வரையிலான கட்டங்களில் எதுவும், ஒருவர் ஏன் நம்புகிறார் என்பதைச் சொல்வதில்லை.

அந்த ‘ஏன்’ எப்போதும் தகவல் குறைபாடாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. 2003இல் வடக்கு நைஜீரியாவின் கானோ மாநிலம், போலியோ சொட்டு மருந்து பெண்களை மலடாக்கும் மேற்கத்தியச் சதி என்ற குற்றச்சாட்டின் பேரில் அதை நிறுத்தியது. போலியோ மீண்டும் பரவி, அதற்கு முன் விடுபட்டிருந்த பல நாடுகளையும் எட்டியது. குற்றச்சாட்டு பொய். ஆனால் அதே கானோவில்தான் 1996இல், மூளைக்காய்ச்சல் கொள்ளைநோயின் நடுவே, ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் ஒரு புதிய மருந்தைச் சோதித்துப் பார்த்திருந்தது. பெற்றோரின் முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்று அது நீதிமன்றம் வரை போனது. மருந்து பாதுகாப்பானது என்ற அறிக்கைகள் மட்டும் கானோவை இணங்க வைக்கவில்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இந்தோனேசியாவில் தயாரான மருந்தை வரவழைப்பது என்று முடிவான பிறகு, 2004 ஜூலை இறுதியில் அங்கே சொட்டு மருந்து மீண்டும் கொடுக்கப்பட்டது.