மாதவிடாய் நின்ற பின் வரும் படபடப்பும் நோய்ப் பயமும்

மாதவிடாய் நின்று ஓரிரு ஆண்டுகள் ஆன பெண்கள் என்னைப் பார்க்க வரும்போது, பெரும்பாலும் கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கும். இரண்டு மூன்று கிளினிக்குகளில் எடுத்த ஈசிஜி தாள்களும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் அதில் அடுக்கியிருக்கும். குறையொன்றும் இல்லை என்றே எல்லாம் சொல்லும். ஆனாலும் மருத்துவர்கள் எதையோ கவனிக்கத் தவறிவிட்டார்கள் என்ற ஐயம் அவர்களை உறங்க விடுவதில்லை. பினாங்கில் மனநல ஆலோசகராகப் பணிபுரியும் எனக்கு இது பழகிய காட்சி.

"உனக்கு எல்லாம் மனப்பிரமை" என்று வீட்டார் சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும். உடலில் நிகழ்வது உண்மையானது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது மூளையில் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதி, சிறு வெப்ப மாற்றத்தையும் தாங்காத நிலைக்கு வருகிறது. உடனே தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இதயம் வேகமாகத் துடிக்கிறது, வியர்வை கொட்டுகிறது. சூட்டு அலை எனப்படும் இது சில நிமிடங்களில் அடங்கிவிடும். மூட்டு வலி, தோலில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு, வாய் எரிச்சல், தலைச்சுற்றல் ஆகியவையும் இக்காலத்தில் வரக்கூடும். ஆனால் நள்ளிரவில் வியர்த்து விழித்தெழும் ஒருவர், வேகமாகத் துடிக்கும் நெஞ்சை மாரடைப்பு என்று எண்ணிவிட்டால், அந்தப் பயமே துடிப்பை மேலும் முடுக்கிவிடும்.

பட்டர்வொர்த்தைச் சேர்ந்த, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் குறிப்பேடு இதற்கு நல்ல சான்று. (அடையாளங்களை மாற்றியே சொல்கிறேன்.) அண்ணன் மாரடைப்பால் இறந்த பிறகு, வீட்டிலேயே பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை அவர் வாங்கி வைத்திருந்தார். ஓர் இரவு மூன்று மணிக்கு 124 என்று எழுதியிருந்தது, ஐந்து நிமிடம் கழித்து 133, பின்னர் 141, நான்காவது முறை 152. அதன் பிறகு கணவரை எழுப்பி மருத்துவமனைக்குச் சென்றிருக்கிறார். அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து பார்த்தபோது, எண்கள் ஏறியதும் அவர் மீண்டும் மீண்டும் அளந்ததும் ஒன்றையொன்று வளர்த்ததை அவரே கண்டுகொண்டார். கருவியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. மருத்துவர் சொன்ன நாள்களில் மட்டும், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்தபின், காலையும் மாலையும் அளக்கும்படி சொன்னேன். இரவில் அது கணவரின் அலமாரியில் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டோம்.

நோய்ப் பயத்தின் இயல்பே இதுதான். நாடி பார்ப்பது, இணையத்தில் தேடுவது, "எனக்கு ஒன்றும் இல்லைதானே?" என்று மகளிடம் திரும்பத் திரும்பக் கேட்பது எல்லாமே சிறிது நேரத்திற்கு ஆறுதல் தரும், ஆறுதல் கரைந்ததும் ஐயம் முன்னிலும் பெரிதாக வந்து நிற்கும். கேட்கும் போதெல்லாம் "ஒன்றுமில்லை" என்று பதில் சொல்லும் பிள்ளைகள் அன்பினால்தான் சொல்கிறார்கள், ஆனால் அதுவே இந்தச் சுழலுக்குத் தீனியாகிவிடுகிறது. "பயமாக இருக்கிறதா அம்மா, வாங்க, கொஞ்ச நேரம் வெளியே நடப்போம்" என்பது அதைவிட நல்ல பதில்.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு இதய நோய் அபாயம் கூடுகிறது. மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்பதை 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வும் காட்டியது. ஆகவே ஒரே மருத்துவரிடம் ஒழுங்காகப் பார்த்துவிடுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, இரத்தச் சோகை, ஈசிஜி ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். குடிமக்கள் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருத்துவரைப் பார்க்கலாம். படபடப்பு எப்போது வருகிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் படிகளைச் சிரமமின்றி ஏறுபவருக்குப் படுக்கையில் மட்டும் நெஞ்சு படபடக்கிறது என்றால், அது மருத்துவருக்கு உதவும் தகவல். முடிவை அவர் சொல்லட்டும். அடுத்த சந்திப்பு எப்போது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதற்குள் வேறு கிளினிக்குக்கு ஓடாதிருப்பதுதான் இதில் கடினமான பகுதி.

சில அறிகுறிகள் அந்தத் தேதிவரை காத்திருக்கக் கூடாதவை. மாதவிடாய் நின்று 12 மாதங்களுக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும், மார்பில் புதிய கட்டி தென்பட்டாலும், காரணமின்றி எடை குறைந்தாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகி, நின்றால் விடுகிறது என்பதும் அப்படியே. நெஞ்சு வலி அடங்காமல் தாடைக்கோ கைக்கோ பரவினால், மூச்சு திணறினால், மயங்கி விழுந்தால், முகமோ கையோ ஒரு பக்கம் செயலிழந்தால் 999ஐ அழையுங்கள். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வரும் என்பதை உறவினர்கள் மறக்க வேண்டாம்.

உடலை மருத்துவர் பரிசோதித்த பின்னும் பயம் நாள்தோறும் வாழ்க்கையைக் குலைத்தால், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சையான அறிதல் நடத்தைச் சிகிச்சை நன்றாகப் பயன் தருகிறது. சிலருக்கு மருந்தும் தேவைப்படலாம். சூட்டு அலைகள் கடுமையாக இருப்பவர்கள் ஹார்மோன் சிகிச்சை தங்களுக்குப் பொருந்துமா என்று பெண்கள் நல மருத்துவரிடம் கேட்கலாம். இரவுப் படபடப்பு உள்ளவர்கள் மாலைக்குப் பிறகு கோப்பியையும் தே தாரிக் எனும் பால் தேநீரையும் விட்டுப் பார்க்கலாம். என்னிடம் வருபவர்களில் இதற்கு மட்டும் எதிர்ப்பு அதிகம். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால், சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான ஹீலை 15555 என்ற எண்ணில் அழைக்கலாம்.