ஈசிஜி நார்மல், இதயம் மட்டும் 180

வாசகி ஒருவர் கேட்கிறார்: "தோசை ஊற்றிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நெஞ்சு படபடவென அடிக்கிறது. விரலில் மாட்டும் கருவியில் 180 காட்டுகிறது. இருபது நிமிடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தால் நார்மல். டாக்டர் டென்ஷன் என்கிறார், மாமியார் கண்ணேறு என்கிறார்."

தைராய்டு, இரத்தசோகை இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். என் கண்ணில் பட்டது அந்தச் 'சட்டென்று'தான். பயத்திலோ காய்ச்சலிலோ வரும் படபடப்பு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சுவிட்ச் போட்டதுபோல் தொடங்கி, அணைத்ததுபோல் நின்றால் இதயத்தின் மின்பாதையைச் சந்தேகிக்க வேண்டும்.

மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு இறங்க, வழக்கமாக ஒரே வாசல்தான்: ஏ.வி. கணு. சிலருக்கு அந்த வாசலில் இரண்டு வழிகள். ஒன்று வேகமானது, ஆனால் ஒருமுறை துடிப்பைக் கடத்தியபின் ஓய்வெடுக்க அதிக நேரம் பிடிக்கும். மற்றது மெதுவானது, ஆனால் சீக்கிரம் தயாராகிவிடும். சாதாரணமாக வேகவழி முந்திக்கொள்ளும், சிக்கல் இல்லை.

எப்போதாவது ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னதாகவே வந்துவிட்டால்? வேகவழி இன்னும் ஓய்வில். துடிப்பு மெதுவழியில் இறங்குகிறது. அது அடியைத் தொடுவதற்குள் வேகவழி விழித்துக்கொள்கிறது. விடுமா? அதன் வழியே தலைகீழாக மேலேறி, மறுபடி மெதுவழியில் இறங்கி, பிரகாரம் சுற்றுவதுபோல் சுற்றத் தொடங்கிவிடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்பு. அதுதான் அந்த 180.

இப்படி ஓர் அலை வளையத்தில் ஓயாமல் சுற்றும் என்பதை முதலில் காட்டியது ஜெல்லிமீன். 1906இல் ஆல்ஃபிரெட் மேயர் அதை வளையமாக வெட்டிப் பார்த்தார். 1913இல் ஜார்ஜ் மைன்ஸ் இதயத் தசை வளையத்திலும் அதையே காட்டினார். இன்று யாராவது ஜெல்லிமீனை வெட்ட நிதி கேட்டால், 'இதனால் சமூகத்துக்கு என்ன பயன்' என்ற கட்டத்திலேயே விண்ணப்பம் செத்துப்போகும்.

சரி, திருஷ்டி? இருபது நிமிடத்தில் தானாக நிற்பது, எதைச் சுற்றிப் போட்டாலும் நிற்கத்தான் செய்யும்.

துடிப்பு சுற்றாதபோது எடுத்த ஈசிஜியில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அதனால் படபடப்பு இருக்கும்போதே பக்கத்துக் கிளினிக்குக்கு ஓடி ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். அடிக்கடி வந்தால், நாள் முழுக்க மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவி பிடித்துவிடும். மயக்கமோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுதான்.

அங்கே அடினோசின் ஊசி போடுவதுண்டு. அது வாசலைச் சில வினாடிகள் அடைக்கும். சுற்றிவந்த துடிப்பு முட்டி நிற்கும். தாளில் வெறும் கோடு. நோயாளிக்கு உயிரே போவதுபோல் இருக்குமாம். அப்புறம் ஒரு துடிப்பு, இன்னொன்று, 80.