பழைய கடைச் சுவருக்குச் சீமெந்து பூசாதீர்கள்

போன கிழமை இன்னொன்று. திருகோணமலை பெரியகடைப் பக்கம், முன்விறாந்தையும் மரத்தூணும் பலகைக் கதவுமாய் நிற்கும் பழைய மாடிக்கடை. "மூன்றாந்தரமும் பூச்சு கழருது, ஒருக்கா வந்து பாருங்கோ" என்று முதலாளி கூப்பிட்டார். விரலை மடக்கிச் சுவரில் தட்டினேன், பொள்ளல் சத்தம். மேசன் பாஸ் உளியால் நெம்பியதும் கதவளவு சீமெந்துத் தட்டு அப்படியே பிரிந்து வந்தது. உள்ளே செங்கல் ஈரச் சீனி மாதிரி உதிர்ந்து கொட்டியது. இந்த வருடம் எனக்கு இது நாலாவது கடை.

எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "சுண்ணாம்பு பலமில்லை, கடற்காற்றுக்குச் சீமெந்துதான் தாங்கும்." தயவுசெய்து இதை மறந்துவிடுங்கள். இங்கே திருகோணமலைக் கடலோரத்துப் பிரட்றிக் கோட்டை மதிலைப் போய்ப் பாருங்கள். போத்துக்கேயர் 1620களில் தொடங்கியது, ஒல்லாந்தர் திருத்திக் கட்டியது. அப்போது போட்லண்ட் சீமெந்து என்ற பொருளே உலகில் இல்லை. இங்கிலாந்தில் அதற்குக் காப்புரிமை எடுத்ததே 1824இல். நம் நாட்டில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வந்தது 1950இல். இறுக்கம் வேறு, பலம் வேறு. பழைய செங்கல் மெத்தென்றது. நிலத்து ஈரத்தைக் குடிக்கும், சுண்ணாம்புப் பூச்சு வழியே காய்ந்துவிடும். அதன்மேல் சீமெந்தைப் பூசினால் ஈரத்துக்குப் போக வழியில்லை. உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லைத் தின்னும். வெளியே சுவர் பளபளவென்று இருக்கும், உள்ளே மாவாகும். டைல்ஸ் ஒட்டினாலும் இதேதான். ஈரம் இன்னும் மேலே ஏறும்.

எனக்கு உண்மையான பயம் தீராந்திதான். மாடியைத் தாங்கும் அந்த மரத்தின் நுனி சுவருக்குள்ளே கிடக்கிறது. இந்தக் கடையில் ஸ்குரூட்ரைவர் பிடிவரைக்கும் இறங்கியது. மேல்மாடி முழுக்க அரிசி மூட்டை! அன்றே இறக்கச் சொன்னேன்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கூரை ஓடுகளையும் பீலியையும் மாரிக்கு முன்பே பாருங்கள். வீதி உயர்ந்து வாசலில் தண்ணீர் தேங்கினால் அதற்கு வாய்க்கால் வெட்டாமல் சுவரில் கைவைக்க வேண்டாம். முழுச் சுவரையும் ஒரே நாளில் கொத்தாதீர்கள். புதுப் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு ஆற்று மணல். கடல் மணல் வேண்டவே வேண்டாம். "கெதியாய் இறுகட்டும்" என்று பாஸ் ஒரு கைப்பிடி சீமெந்து போட வந்தால் கையைப் பிடியுங்கள். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டு நீற்றும்போது பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள், கண் போய்விடும். மேலே எண்ணெய்ப் பெயின்ற் அடிக்காமல் சுண்ணாம்பு வெள்ளையே அடியுங்கள்.

ஒரு மன்றாட்டம். அந்தப் பலகைக் கதவுகளை விறகுக்குக் கொடுத்து ஷட்டர் போடாதீர்கள். இங்கே ஒவ்வொரு பலகையிலும் உளியால் இலக்கம் வெட்டியிருக்கிறது, 1 முதல் 14 வரை. வரிசை மாறினால் பூட்டாது. மகன் எறியப் பார்த்தார், தகப்பன் விடவில்லை.

இப்போது கீழ்ச் சுவரில் நாலடியை உரித்துக் காயவிட்டிருக்கிறோம். கொல்லையில் ஏழு வாளிச் சுண்ணாம்பு ஊறுகிறது.