துடுப்பைக் கொடுக்கும் முன் மாத்திரைச் சீட்டைக் கேளுங்கள்

"வலிப்பு வருமா?" என்று கேட்டேன். "இப்பல்லாம் வர்றதே இல்ல, டாக்டரம்மா" என்றார் படகு ஏற வந்த இளைஞரின் உம்மா. நான் பதிவேட்டில் 'இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

நான் இயன்முறை மருத்துவர். தேவிபட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரையில் சனிக்கிழமை தோறும் நாங்கள் சிலர் கூடி, அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்குத் துடுப்பு வலிக்கக் கற்றுத் தருகிறோம். சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் இருவர், கல்லூரி மாணவர் ஒருவர், மீனவர்கள் மூவர். யாருக்கும் சம்பளம் கிடையாது. வடகடல், அதாவது பாக் விரிகுடாப் பக்கம், எங்களுக்குத் தோதானது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும். இந்தப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். கரையிலிருந்து வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான்.

அந்தத் தைரியத்தில்தான் அசந்துவிட்டோம். வெயிலுக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று காலை ஐந்தே முக்காலுக்கு வரச் சொல்லியிருந்தோம். அந்த இளைஞருக்கு வயது 24. படகு ஏறப்போகும் சந்தோஷத்தில் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பாதித் தூரத்தில் துடுப்பு கையை விட்டு நழுவியது. விளையாடுகிறார் என்றே நினைத்தோம். வலது கை வெட்டி இழுத்தது, அப்படியே பக்கவாட்டில் சரிந்து தண்ணீரில் விழுந்தார். லைஃப் ஜாக்கெட் அவரை மிதக்க வைத்தது, முகத்தை நிமிர்த்தவில்லை. மெலிதான ஜாக்கெட்டுகள் பலவும் அப்படித்தான். பின்னால் இருந்த மீனவ அண்ணன் குதித்து, அவர் தலையைத் தன் நெஞ்சில் சாய்த்து, வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே நிற்கும்படி பிடித்துக்கொண்டே கரைக்கு நடந்தார்.

கரையில் யாரோ சாவிக்கொத்தை நீட்டினார்கள். இரும்பு வலிப்பை நிறுத்தாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையைக் காலை அமுக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. தண்ணீர் உள்ளே போயிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், எழுந்து உட்கார்ந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நாங்களும் கொண்டு போனோம்.

அங்கேதான் உம்மா பையிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்தார். வருடக்கணக்காக வலிப்பு மாத்திரை. தினமும் காலை எட்டு மணிக்கு, இட்லிக்குப் பிறகு. அன்று இட்லியும் இல்லை, மாத்திரையும் இல்லை. அவர் பொய் சொல்லவே இல்லை. மாத்திரை போடுவதால் வலிப்பு வரவில்லை, அதைத்தான் சொன்னார். தப்பாகக் கேட்டது நான். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் உண்டு. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் இப்போது நோயைப் பற்றிக் கேட்பதில்லை. "காலையில என்ன மாத்திரை, எத்தன மணிக்கு? சீட்டக் காட்டுங்க" என்றுதான் ஆரம்பிக்கிறோம்.

சீட்டு வேறு பலதையும் சொல்லிவிடும். சில மனநல மருந்துகள் வியர்வையைக் குறைக்கும். நம்மூர் வெயிலில் அது ஆபத்து. தாகம் என்று வாய்விட்டுக் கேட்கத் தெரியாதவருக்கு இன்னும் ஆபத்து. அதனால் கேட்டுக் கொடுப்பதை விட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நாங்களே தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுக்கிறோம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கும். சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்வாக இருக்கும். நடை மாறினாலோ, கழுத்து வலித்தாலோ, புதிதாகச் சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ படகை மறந்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பழைய எக்ஸ்ரே நன்றாக இருந்தது என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இன்னொரு வீட்டு அப்பா, மீன்பிடித்தே வாழ்ந்தவர், மகனை ஏற்றும்போது கயிற்றோடு வந்தார். பலகையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள் என்றார். படகு கவிழ்ந்தால் கட்டப்பட்டவன் படகுக்கு அடியில்தான் இருப்பான் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் பெற்ற மனசு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்துவிடவில்லை. அவர்கள் மனநோயாளிகள், இது வேறு, அறிவுசார் குறைபாடு நோயே அல்ல. ஆனால் கயிறு ஒன்றுதான். அப்பாவையே அதே படகில் ஏற்றினோம். இரண்டாவது வாரம் கயிறு வரவில்லை.

கற்றுக்கொடுப்பதில் என் படிப்பு பெரிதாக உதவவில்லை. 'வலது, இடது' என்றால் குழம்பினார்கள். ஒரு துடுப்பில் சிவப்புத் துணி கட்டி, "சிவப்ப இழு" என்றதும் படகு திரும்பியது. சேர்ந்து வலிக்க 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணிப் பார்த்தேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். மீனவ அண்ணன், கடலில் சேர்ந்து வேலை செய்யும்போது பாடுகிற அம்பாப் பாட்டு எடுத்தார். "ஏலேலோ" அவர், "ஐலசா" இவர்கள். 'ஐ'யில் துடுப்பு நீருக்குள், 'சா'வில் வெளியே. சரியாக ஐந்தாவது இழுப்பில் நான்கு துடுப்பும் ஒன்றாக விழுந்தன.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான சிறப்பு ஒலிம்பிக் 1968இல் சிகாகோவில் தொடங்கியது. அங்கே கயாக் என்கிற சிறு துடுப்புப் படகுப் போட்டி உண்டு, எட்டு வயதிலிருந்து போட்டியிடலாம், திறமைக்கு ஏற்றபடி பிரித்து மோதவிடுவார்கள். பாராலிம்பிக்கில் 2008 முதல் துடுப்புப் படகுப் போட்டி இருக்கிறது; ஆனால் இவர்களுக்கு அதில் பிரிவே இல்லை. எங்கள் ஆட்களுக்கு இப்போதைக்கு எதிரே தெரிகிற மூங்கில் கழிதான் எல்லைக்கோடு.

உதவ வருகிறவர்களிடம் ஒன்று: இரண்டு வாரம் வந்து, படம் எடுத்து, 'தெய்வக் குழந்தைகள்' என்று போட்டுவிட்டுக் காணாமல் போகாதீர்கள். 24 வயது ஆள் குழந்தை அல்ல. மூன்றாவது வாரம் உங்கள் பெயரைச் சொல்லித் தேடுகிறார். நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் மறுபடியும் வருகிறார். நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏற்றினோம்; பின் இருக்கையில் நீச்சல் தெரிந்த ஒருவர் கூடவே. இப்போது வாடை அடிக்கத் தொடங்கிவிட்டது, வடகடல் இனி ஆகாது. படகுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரையில் பயிற்சி. நேரம் ஐந்தே முக்கால் இல்லை, எட்டரை. இட்லியும் மாத்திரையும் முடிந்த பிறகு.