பனிக்கோடு எங்கே நிற்கிறது? பனியாற்றுப் பயிற்சிக்கு நாள் குறிக்கும் கணக்கு

பனியாற்றில் மலையேறக் கற்க எந்த மாதம் நல்லது என்று யோசிப்பவர்கள் முதலில் மழையையும் குளிரையும்தான் பார்ப்பார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது பனிக்கோடு. குளிர்காலத்தில் விழுந்த வெண்பனி உருகித் தீர்ந்து, அடியிலிருக்கும் பனிக்கட்டி வெளியே தெரியத் தொடங்கும் உயரம் அது. கோடை முற்ற முற்ற அந்தக் கோடு மேலே நகரும். பனியாற்றின் நடுப்பகுதியில் அது நிற்கும் சில வாரங்களே தொடக்கநிலைப் பயிற்சிக்கு ஏற்ற பருவம். அப்போது காலையில் வெண்பனியிலும் மதியத்துக்குள் பனிக்கட்டியிலும் பழகிவிட முடியும்.

இரண்டும் ஏன் வேண்டும்? அவை கிட்டத்தட்ட வேறு வேறு பொருள்கள். புதிதாக விழுந்த வெண்பனி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோதான் இருக்கும். ஒரு கோடையைத் தாண்டி இறுகிய பழம்பனியை ஃபிர்ன் என்பார்கள். அது 400 கிலோவைத் தாண்டும். துகள்களுக்கு நடுவே ஓடும் காற்றுவழிகள் அடைபட்டு எடை சுமார் 830 கிலோவை எட்டும்போதுதான் அது பனிக்கட்டி ஆகிறது. ஒன்றில் செல்லுபடியாகும் உத்தி மற்றதில் செல்லாது.

சறுக்கி விழும்போது பனிக்கோடாரியின் அலகை மார்புக்கருகே அழுத்திப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொள்வதை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பழக 25 முதல் 35 பாகை வரை சாய்ந்த, ஓரளவு இறுகிய வெண்பனிச் சரிவு வேண்டும். கீழே பாறையோ பிளவோ இல்லாத சமதளமும் வேண்டும். வெறும் பனிக்கட்டிச் சரிவில் அலகு பற்றாமல் துள்ளிவிடும். அங்கே விழாமல் நடப்பதுதான் பாடம்: காலணிக்கு அடியில் மாட்டும் முள்சட்டமான கிராம்பானின் அடிமுட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊன்றும்படி பாதத்தைத் தட்டையாக வைப்பது.

கயிற்றைக் கட்டிப் பாரத்தைத் தாங்கவைக்கும் பிடிமானம் அமைப்பதும் அப்படியே. வெண்பனியில், கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்கே சுமார் அரை மீட்டர் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டி, கோடாரியைப் படுக்கையாகப் புதைத்து, அதன் நடுவில் கட்டிய பட்டையை ஒரு குறுகிய வாய்க்கால் வழியே முன்னே கொண்டுவருவார்கள். பள்ளத்தின் முன்சுவர்தான் பாரத்தைத் தாங்குகிறது. அதை மிதித்துவிட்டால் வேலை கெட்டது. மாவு போன்ற பனியில் இந்தப் பிடிமானம் கயிற்றோடு உருவிக்கொண்டு வரும். அந்த இடத்தை முதலில் மிதித்து இறுக்கிச் சிறிது நேரம் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பனிக்கட்டியிலோ மேலிருக்கும் நைந்த அடுக்கைச் செதுக்கி எடுத்துவிட்டு ஐஸ் ஸ்க்ரூ எனும் குழல் வடிவத் திருகாணியை முறுக்கி இறக்க வேண்டும். வெயில் பட்டால் அதைச் சுற்றியுள்ள கட்டி உருகிப் பிடி தளரும். அதனால் மேலே பனியைக் குவித்து மூடுவார்கள்.

பருவத்தைத் தீர்மானிக்கும் இன்னொரு பெரிய காரணம் பிளவுகள். ஆழத்தில் அழுத்தம் மிகும்போது பனிக்கட்டி விரிசல் விடாமல் நெளிந்து நகரும்; மேலடுக்கு மட்டும் உடைந்து பிளக்கும். குளிர்காலக் காற்று இரு விளிம்பிலும் பனியை நீட்டி வளர்த்துப் பிளவை மூடிவிடும். இதுதான் பனிப்பாலம். பருவத்தின் தொடக்கத்தில் பாலம் தடிமனாக இருந்தாலும் துகள்கள் சரியாக ஒட்டியிருக்காது. பிளவு இருப்பதன் அடையாளமும் தெரியாது. பகலில் உருகி இரவில் உறைவது பல நாள் தொடர்ந்தால் பாலம் கெட்டிப்படும். பிறகு நடுவில் மெலிந்து தொய்யும். அந்தத் தொய்வு மேற்பரப்பில் நீண்ட மெல்லிய நிழலாகத் தெரியும். அதைக் கண்டுபிடித்து, நீண்ட குச்சியால் குத்திப் பார்த்து, பிளவின் நீளவாக்குக்கு நேர்க்குறுக்காகப் பாலத்தைக் கடக்கக் கற்பதற்கு இந்த இடைக்காலமே பொருத்தம். கோடை முடிவில் பிளவுகள் எல்லாம் வாய்திறந்து கிடக்கும். சுற்றிச் சுற்றிப் போவதிலேயே நாள் கழியும்.

பாலம் இன்று தாங்குமா என்பதை முந்தின இரவு சொல்லும். தெளிந்த வானத்தில் பனி தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றுவதால், காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்கு மேல் ஓரிரு பாகை செல்சியஸ் இருந்தாலும் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். காலையில் பனி சோறுபோல் குழைந்திருக்கும். விடியுமுன் 3, 4 மணிக்குக் கிளம்பியும் கால் கணுக்காலுக்கு மேல் புதைந்தால், அன்று பிளவுகள் நிறைந்த பகுதிக்குப் போகாமல் திரும்புவதே சரி.

ஆல்ப்ஸில் இந்தப் பருவம் பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை வரும். நியூசிலாந்தில் ஆறு மாதம் தள்ளி, டிசம்பர், ஜனவரியில். பெருவின் கார்டியேரா பிளாங்கா மலைத்தொடரில் ஆண்டு முழுவதும் வெப்பம் அதிகம் மாறாது. அங்கே மே முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட மாதங்கள்தான் கணக்கு. மத்திய, கிழக்கு இமயமலையில் பனியாறுகளுக்குப் பனி பெரிதும் பருவமழைக் காலத்தில்தான் சேர்கிறது. கோடையின் உச்சம் நல்லது என்ற ஆல்ப்ஸ் விதியை அங்கே கொண்டுபோனால் தினமும் மேகத்துக்குள் நிற்க நேரும். பருவமழைக்கு முந்தைய மே மாதமோ, அது விலகிய பிறகான செப்டம்பர் இறுதியும் அக்டோபரும்தான் பொருத்தம்.

ஆனால் இந்த மாதக் கணக்கு நழுவிக்கொண்டிருக்கிறது. புதிய வெண்பனி சூரிய ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். வெறும் பனிக்கட்டி பாதிகூட அனுப்பாது. அதனால் வெண்பனி முன்னதாகத் தீர்ந்த ஆண்டில் உருகலும் வேகமெடுக்கும், பாறைகளைப் பிணைத்திருந்த உறைவு இளகிக் கல் விழுவதும் கூடும். 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மர்மோலடா பனியாற்றில் ஒரு பகுதி இடிந்து 11 பேர் இறந்தது, வழக்கமாகப் பாதுகாப்பானதென்று கருதும் காலத்தில்தான்.

எனவே பணம் கட்டுமுன் பயிற்சியாளரிடம் மாதத்தைக் கேட்காதீர்கள். அந்த வாரத்தில் பனிக்கோடு எந்த உயரத்தில் இருக்கும், முகாமிலிருந்து அதற்கு எத்தனை மணி நேரம் நடை என்று கேளுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடந்த சில ஆண்டுகளில் அதே வாரத்துப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் கோடு நகர்வது கண்ணுக்கே தெரியும். சரியான வாரம் அமையாவிட்டால், பிந்துவதைவிட ஓரிரு வாரம் முந்துவதே மேல். அப்போதும் செங்குத்தான பனிக்கட்டிச் சுவர் எங்காவது வெளியே தெரியும், ஸ்க்ரூ பழகிக்கொள்ளலாம். உருகித் தீர்ந்த வெண்பனியை எங்கேயும் தேடிப் பிடிக்க முடியாது.