டயர் சங்கிலி மாட்டுவதற்கு முன் இடைவெளியை அளந்து பாருங்கள்

பனியிலும் சேற்றிலும் வழுக்காமல் இருக்கச் சிறிய டிராக்டரின் டயரில் சங்கிலி மாட்ட வேண்டும் என்று வருகிறவர்களிடம், டயரின் அளவைக் கேட்பதற்கு முன்பே, டயரின் உட்பக்கத்துக்கும் மட்கார்டு, லிஃப்ட் ஆர்ம் (பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கும் கை), ஹைட்ராலிக் ஹோஸ் (அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் குழாய்) ஆகியவற்றுக்கும் நடுவில் எத்தனை விரல் நுழைகிறது என்று கேட்டுவிடுவேன். நிற்கும்போது டயரோடு ஒட்டிக் கிடக்கும் சங்கிலி, சக்கரம் சுழலும்போது வெளிப்புறமாக விரியும் என்பதால் அதன் தடிமனுக்கும் கூடுதலாக இடம் வேண்டும்.

ஒரு பனிக்காலத்தில் பழுது பார்க்க வந்த டிராக்டரில் சங்கிலி சரியான அளவுதான். ஆனால் மீந்த நான்கு கண்ணிகளை வெட்டாமல் உட்பக்கம் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வால் ஒவ்வொரு சுற்றிலும் ஹைட்ராலிக் ஹோஸின் மீது அடித்து, மேல் ரப்பரை உரித்து, உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் வெளியே தெரியும் அளவுக்குக் கொண்டுவந்திருந்தது. சுமை தூக்கிய நேரத்தில் அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே பதறுகிறது.

இடம் போதாவிட்டால், சில டிராக்டர்களில் பின்சக்கரங்களை இடம் வலமாக மாற்றி, உட்பக்கம் வெளியே வரும்படி மாட்டி அகலத்தைக் கூட்டலாம். அப்படிச் செய்யும்போது டயரின் மேற்பரப்பில் உள்ள ரப்பர் மேடுகளின் திசையும் மாறாது. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் ஸ்பேசர் என்ற இடைத்துண்டு வைப்பதும் ஒரு வழிதான் என்றாலும், பேரிங் மீது விழும் சுமை கூடுவதால் அந்த மாடலுக்கு உரியதை மட்டுமே வாங்க வேண்டும்.

ஏணி வடிவச் சங்கிலியை உயர்ந்த மேடுகள் கொண்ட டயரில் மாட்டினால், குறுக்குச் சங்கிலிகள் மேடுகளுக்கு இடையே விழுந்து மறைந்துவிடுகின்றன. அங்கே வைர வடிவப் பின்னல் நன்றாகப் பிடிக்கும்.

மாட்டும்போது தரை சமமாக இருக்கட்டும். கொக்கிகளின் வாய் ரப்பரைக் குத்தாமல் வெளிப்புறம் பார்க்கும்படி சங்கிலியை முறுக்கின்றி டயர்மேல் விரித்து, டிராக்டரைச் சிறிது நகர்த்தி, எஞ்சினை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்ட பிறகு, முதலில் உட்பக்கமும் பின்னர் வெளிப்பக்கமும் இழுத்து மாட்டுங்கள். சற்றுத் தூரம் மெதுவாக ஓட்டிவிட்டு மறுபடி இறுக்குவதைத் தவறவிடாதீர்கள். தளர்ந்த சங்கிலிதான் அடிக்கிறது, அறுகிறது.

நீளத்தைக் குறைக்கும் வேலையில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடினப்படுத்திய கண்ணிமேல் ஹேக்சா பிளேடு வழுக்கும் என்பதால் ஆங்கிள் கிரைண்டர் தேவைப்படும். சங்கிலியைக் கழற்றித் தரையில் வைத்து, கண்ணுக்குக் கவசம் அணிந்தே வெட்ட வேண்டும். வெட்டிய இடத்தை இணைக்க அதே தடிமனும் அதே தாங்குதிறனும் உள்ள போல்ட் வகை இணைப்புக் கண்ணி கிடைக்கிறது. வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டில் எஃகின் கடினத்தன்மை கெட்டு, ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே முறியக்கூடும். அதிலும் டயரில் சங்கிலி இருக்கும்போதே வெல்டிங் வைப்பவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்திருக்கிறேன்: சூட்டில் ரப்பர் உள்ளுக்குள் கருகி வாயு சேர்ந்து, டயர் வெடித்து ஆளைக் கொல்லும்; காற்றை இறக்கிவிட்டாலும் அந்த ஆபத்து முழுதாக நீங்காது.

ஒரு ஜோடிச் சங்கிலிதான் கையில் இருக்கிறது என்றால் அதைப் பின்சக்கரங்களுக்கே கொடுங்கள். சிறிய டிராக்டர்கள் பலவற்றில் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே இருப்பதால், சரிவில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியவை அவைதான்.